ஒன்பதரை மணிக்காரர்

முகூர்த்த நாளில் திருப்பரங்குன்றத்துக்கு வந்து பார்த்திருக்கிறீர்களா? முருகன் தெய்வானையைக் கைப்பிடித்த ஊர் என்பதால், வைகாசி, ஆவணி, தை என்று நாள் குறித்தவர்களில் பாதிப் பேர் இங்கேதான் வந்து இறங்குவார்கள். சன்னதித் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. ஒரு மேளம் முடிவதற்குள் பக்கத்து மண்டபத்து மேளம் ஆரம்பித்துவிடும். மண்டபத்துக்கு ஒருவராக, பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் வாசலில் நிற்பார்கள். வெள்ளைச் சட்டை, பட்டுக்கரை வேட்டி, கும்பிட்ட கை. வாய் "வாங்க வாங்க, சாப்பிட்டுட்டுப் போகணும்" என்று சொல்லிக்கொண்டிருக்கும். கண் மட்டும் தன் வீட்டுப் பொம்பளைப் பிள்ளைகள் யாரிடம் நின்று பேசுகிறார்கள் என்று மேய்ந்துகொண்டிருக்கும். திரும்பி ஒரு அதட்டல். மறுபடியும் "வாங்க வாங்க."

இந்த மனிதரை அச்சு அசலாகத் திரையில் செய்து காட்டியவர் ஜி. மாரிமுத்து. பெயரைச் சொன்னால் ஒரு நொடி யோசிப்பவர்கள்கூட 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன் என்றால் உடனே அந்தக் குரலில் பேசிக் காட்டுவார்கள். 2023 செப்டம்பர் 8-ம் தேதி காலை, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து, மருத்துவமனைக்குப் போன இடத்தில் இறந்துபோனார். அறுபதைக்கூடத் தொடவில்லை.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. காரணம் ஒரு கேள்வி. வீட்டுப் பெண்களை அடுப்படியில் பூட்டி வைக்கிற ஒரு ஆளை, வாய் திறந்தாலே பொம்பளைகளை மட்டம் தட்டுகிற ஒரு ஆளை, அந்தப் பெண்களே ஏன் அப்படிக் கொண்டாடினார்கள்? இரவு ஒன்பதரை மணிக்கு அவர் முகம் வந்தவுடன் எங்கள் தெருவில் எத்தனை வீடுகளில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று எனக்குத் தெரியும். வில்லனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு அல்ல அது. சொந்தக்காரரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

சொந்த ஊர் வருசநாட்டுப் பக்கம் பசுமலைத்தேரி. நம்ம மதுரைப் பசுமலை இல்லை, அது வேறு. இப்போது தேனி மாவட்டம். ஆனால் தேனி தனி மாவட்டமானது 1996-ல்தான். அதனால் அவர் பிறந்து வளர்ந்த காலத்தில் அந்த மலையடிவாரமெல்லாம் மதுரை மாவட்டம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டினால் பேச்சு கொஞ்சம் இழுவையாகும், அவ்வளவுதான். அந்த இழுவையைத்தான் பின்னாளில் தமிழ்நாடே கேட்டது.

1990-ல் டைரக்டராக வேண்டும் என்று சென்னைக்குப் போனார். போன இடத்தில் ஓட்டலில் சர்வர் வேலை. இந்தக் கதையை நாம் எத்தனையோ பேர் வாயால் கேட்டிருக்கிறோம், அதனால் அங்கே நின்று கண்ணீர் விட வேண்டாம். கவனிக்க வேண்டியது வேறு. சினிமாவுக்குள் அவருக்குக் கதவு திறந்துவிட்டது இலக்கியம். படிக்கிற பையன், கவிதை தெரிந்த பையன் என்று வைரமுத்துவிடம் போய்ச் சேர்ந்தார். அவரும் தேனிப் பக்கத்து வடுகபட்டிக்காரர். பின்னால் மாரிமுத்துவின் கல்யாணத்தைத் தேனியில் நடத்தி வைத்ததும் வைரமுத்துதான். அங்கிருந்து ராஜ்கிரணிடம் உதவி இயக்குநர்: 'அரண்மனைக்கிளி' (1993), 'எல்லாமே என் ராசாதான்' (1995). அப்புறம் மணிரத்னம், வசந்த், சீமான், எஸ்.ஜே. சூர்யா என்று ஒவ்வொரு கூடாரமாக. 2004-ல் சிம்புவின் 'மன்மதன்' படத்தில் இணை இயக்குநர்.

யோசித்துப் பாருங்கள். ராஜ்கிரண் படத்துக்கும் மணிரத்னம் படத்துக்கும் இடையில் எவ்வளவு தூரம்! ஒன்றில் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தொண்டை கிழியப் பேச வேண்டும். இன்னொன்றில் அரை இருட்டில் முணுமுணுக்க வேண்டும். இரண்டு செட்டிலும் ஓரமாக நின்று, நடிகர்கள் வசனத்தை எப்படி மென்று துப்புகிறார்கள் என்று வருடக்கணக்கில் பார்த்த ஆள் இவர். உதவி இயக்குநருக்கு நடிகருக்குப் பேசிக் காட்டுவதும் ஒரு வேலை. 'இந்த இடத்துல நிறுத்துங்க, இந்த வார்த்தைய அமுக்குங்க' என்று சொல்லிச் சொல்லியே பாதி நடிகராகிவிடுவார்கள். மாரிமுத்துவின் நடிப்புப் பள்ளி அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

சென்னைக்குப் போய்ப் பதினெட்டு வருடம் கழித்துத்தான் முதல் படம் கிடைத்தது. 'கண்ணும் கண்ணும்', 2008. பிரசன்னா, உதயதாரா நடித்தது. அமைதியான, கண்ணியமான படம். அது வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது. ஆனால் அந்தப் படத்தில் ஒரு காமெடி இருக்கிறது. வடிவேலு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்க் கிணற்றைக் காணோம் என்று புகார் கொடுப்பாரே, அதேதான். ரசீது இருக்கிறது, கிணறு இல்லை.

அந்தக் காட்சியைப் பார்க்காத தமிழன் கிடையாது. அது மாரிமுத்து இயக்கிய படம் என்று தெரிந்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். மதுரைக்காரர்களுக்கு அது காமெடியே இல்லை, அன்றாடப் பேச்சு. நிலையூர்க் கண்மாய், தென்கால் கண்மாய் என்று எங்கள் பக்கம் எதைப் பற்றிப் பேச்சு வந்தாலும், வாய்க்காலைக் காணோம், கரையைக் காணோம் என்று யாராவது ஒருவர் வடிவேலு குரலில் ஆரம்பித்துவிடுவார். ரோடு போட்ட கணக்கு, விளக்குப் போட்ட கணக்கு எல்லாவற்றுக்கும் அதே கிணறுதான். ஒரு டைரக்டர் நாட்டுக்குக் கொடுத்துவிட்டுப் போனது ஒரு காட்சி என்றாலும் இப்படிப்பட்ட காட்சியாக இருந்தால் போதும்.

இரண்டாவது படம் வர இன்னும் ஆறு வருடம் ஆனது. 'புலிவால்', 2014. மலையாளத்தில் வந்த 'சாப்பா குரிசு' படத்தின் தமிழ் வடிவம். அதுவும் ஓடவில்லை. டைரக்டர் மாரிமுத்துவின் கணக்கு அத்தோடு முடிந்தது.

நடிகர் மாரிமுத்துவின் கணக்கு அதற்குள் வேறு பக்கத்தில் ஆரம்பித்திருந்தது. 2011-ல் மிஷ்கின் 'யுத்தம் செய்' படத்தில் ஒரு கெட்ட போலீஸ்காரராகப் போட்டார். மிஷ்கின் படத்தில் முகம்தான் பாதிக் கதை. ஒருவர் சும்மா நின்றாலே அவர் என்னென்ன செய்திருப்பார் என்று நமக்குத் தெரிந்துவிட வேண்டும். மாரிமுத்து நின்றார், தெரிந்துவிட்டது. அப்புறம் வழக்கம்போல நம் சினிமாக்காரர்கள் அதே சட்டையை அவருக்கே திருப்பித் திருப்பி மாட்டினார்கள். போலீஸ், போலீஸ், மறுபடியும் போலீஸ். நடுவில் 'கொம்பன்', 'மருது' என்று நம்ம பக்கத்துக் கதைகளும் வந்தன. குணச்சித்திர நடிகரின் பிழைப்பு அப்படித்தான். ஒரு தடவை டாக்டராக நடித்தால் ஆயுசுக்கும் ஸ்டெதாஸ்கோப். மூன்று காட்சி, நாலு வசனம், ஹீரோ கையால் ஒரு அறை.

அதை உடைத்தது 2018-ல் வந்த 'பரியேறும் பெருமாள்'. இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம்.

அதில் அவர் கதாநாயகி ஜோவின் அப்பா. மாரி செல்வராஜ் எழுதிய அந்தப் பாத்திரத்தைச் சாதாரணமாக வில்லன் என்று தள்ளிவிட முடியாது, நல்லவர் என்று அணைத்துக்கொள்ளவும் முடியாது. மூத்த மகள் கல்யாணத்துக்கு வந்த, ஜோவோடு படிக்கிற ஒடுக்கப்பட்ட சாதிப் பையன் பரியனைச் சொந்தக்காரப் பையன்கள் மண்டபத்து அறைக்குள் போட்டு அடித்துக் கேவலப்படுத்துகிறார்கள். அதற்கப்புறம் அப்பா அழுதுகொண்டே அவனிடம் பேசுகிறார். நீ இங்கே நின்றால் உன்னைக் கொன்றுவிடுவார்கள், என் மகளையும் சேர்த்துக் கொன்றுவிடுவார்கள், போய்விடு என்கிறார். அவர் அழுகிறார் என்பதற்காக அவரை மன்னித்துவிட நமக்குத் தோன்ற வேண்டும், அடுத்த நொடியே 'நீயும் இவனுங்கள்ல ஒருத்தன்தானய்யா' என்று கோபமும் வர வேண்டும். மாரிமுத்து இரண்டையும் வர வைக்கிறார். எப்படி? அவர் அந்த அழுகையில் நல்லவனாகக் காட்டிக்கொள்ளவே முயற்சி செய்யவில்லை. பயந்தவனாக மட்டும் அழுகிறார். சாதிக்குப் பயப்படுகிற சாதிக்காரன். இந்த ஊரில் எத்தனை மண்டபத்தில் எத்தனை அப்பாக்கள் முகத்தில் அந்தப் பயத்தைப் பார்த்திருக்கிறேன்! பாசம் என்றுதான் அதற்கு அவர்கள் பெயர் வைத்திருப்பார்கள்.

கடைசிக் காட்சியில் பரியன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்கும்போது மாரிமுத்துவின் முகத்தைக் கவனியுங்கள். பதில் சொல்ல முடியாத ஒரு ஆள் 'பார்க்கலாம் தம்பி' என்கிற தோரணையில் நிற்பது எவ்வளவு சிரமமான நடிப்பு! திருந்திவிட்டார் என்றும் இல்லை, திருந்தவே மாட்டார் என்றும் இல்லை.

இந்த அப்பாவைத் தூக்கி, பயத்தை உருவிவிட்டு, பணத்தையும் நக்கலையும் ஊற்றி வைத்தால் குணசேகரன்.

'எதிர்நீச்சல்' 2022 பிப்ரவரி 7-ம் தேதி சன் டிவியில் ஆரம்பித்தது. இயக்கம் திருச்செல்வம். 'கோலங்கள்' எடுத்து, அதில் தொல்காப்பியனாக நடித்தவரும் அவர்தான். கதை நடப்பது மதுரையில். தாய், நாலு அண்ணன் தம்பிகள், அவர்கள் கட்டிக்கொண்டு வந்த பெண்கள். குணசேகரனுக்கு ஒரு கொள்கை: வீட்டுக்கு வருகிற மருமகள் படித்தவளாக இருக்க வேண்டும். பத்திரிகையில் போட, ஊரில் சொல்லிக்கொள்ள. வந்த பிறகு அந்தப் படிப்பை மடித்துப் பீரோவில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட வேண்டும். கனிகா, பிரியதர்ஷினி, ஹரிப்பிரியா, மதுமிதா நாலு பேரும் அந்த அடுப்படியில் நின்றுகொண்டு குசுகுசுவென்று பேசிக்கொள்வதுதான் தொடரின் பாதி.

மதுரை என்றால் சினிமாவுக்கு அரிவாள்தான். 'காதல்', 'பருத்திவீரன்', 'சுப்ரமணியபுரம்' எல்லாம் நல்ல படங்கள். ஆனால் அதைப் பார்த்துவிட்டு வெளியூர்க்காரர்கள் எங்களைப் பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பார்வையே மாறிப்போனது. குணசேகரன் கையில் அரிவாள் கிடையாது. ஹாலில் ஒரு சோபா, சுற்றி நிற்கத் தம்பிகள், பத்திரம், பங்கு, கையெழுத்து. நாற்பது சதவீதப் பங்கு என்று ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் அரைத்தார்கள். எனக்கென்னவோ இதுதான் அசல் மதுரை என்று தோன்றுகிறது. இங்கே வெட்டுக்குத்தை விடப் பாகப்பிரிவினைதான் அதிகம். குடும்பக் கோர்ட்டு வாசலிலும் பத்திரப் பதிவு ஆபீஸ் வாசலிலும் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அந்த சோபாவில் உட்கார்ந்து மாரிமுத்து செய்தது நக்கல். கத்துகிற வில்லன்கள் டிவியில் நிறையப் பேர் இருந்தார்கள். கண்ணை உருட்டுவார்கள், மியூசிக் மூன்று தடவை அடிக்கும். மாரிமுத்து கத்துவதற்கு முன்னால் இறங்கிப் பேசுவார். குரலைத் தழைத்து, ரொம்ப மரியாதையாக, 'சரிம்மா, நீங்க சொல்றதுதான் சரி' என்பது மாதிரி ஆரம்பிப்பார். எதிரில் நிற்கிற பெண் ஒரு வார்த்தை கூடப் பேசியவுடன் "ஏய்... இந்தாம்மா!" என்று ஒரு வெட்டு. அந்த 'ஏய்'க்கும் 'இந்தாம்மா'வுக்கும் நடுவில் விடுகிற இடைவெளி இருக்கிறதே, அது எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துகளில் பெரிய மனிதர்கள் துண்டை உதறுகிற நேரம். எதிராளி அதற்குள் அடங்கிவிட வேண்டும்.

மீம் போடுகிறவர்களுக்கு அது போதாதா? கணவன் மனைவி சண்டை, ஆபீஸ் மேனேஜர், கரண்ட் பில் எல்லாவற்றுக்கும் குணசேகரன் முகம் வந்துவிட்டது. கல்லூரிப் பையன்கள் சீரியல் பேசிய அதிசயம் அப்போதுதான் நடந்தது.

டிவி நடிப்பில் இன்னொரு விஷயம் வெளியில் தெரியாது. படப்பிடிப்பில் பேசுகிற குரல் அப்படியே ஒளிபரப்பாவதில்லை. நடிகர் மறுபடி டப்பிங் அறைக்குள் போய், திரையில் தன் வாயைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் திரும்பப் பேச வேண்டும். தினசரித் தொடர் என்றால் இந்த வேலைக்கு ஓய்வே கிடையாது. நிறையப் பேருக்கு டப்பிங்கில் ஜீவன் போய்விடும். வாயசைவைப் பிடிப்பதிலேயே கவனம் இருக்கும். மாரிமுத்துவுக்கு அங்கேதான் பாத்திரம் முழுசாகும் என்று நினைக்கிறேன். முனகல், செருமல், பாதியில் விழுங்குகிற வார்த்தை எல்லாம் காதுக்குப் பக்கத்தில் கேட்கும். கடைசிக் காலையிலும் அந்த அறையில்தான் இருந்தார்.

இப்போது கேள்விக்கு வருகிறேன்.

நாடகத்துக்கும் மதுரைக்கும் உள்ள உறவு எல்லோருக்கும் தெரியும். 1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தது இந்த ஊரில்தான், டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாக அதில் சேர்ந்தார்கள். சுவாமிகள் வாத்தியார் ஆவதற்கு முன்னால் நடிகர். எமன், சனீஸ்வரன், இரணியன் மாதிரி பயங்கர வேஷங்கள் கட்டுவார். அவர் எமனாக வந்து போட்ட கூச்சலில் கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குக் கரு கலைந்துவிட்டதாகவும், அந்த வருத்தத்தில் அவர் வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டதாகவும் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ, நாடகக்காரர்கள் ஏற்றிச் சொன்னதோ, ஒன்று மட்டும் விளங்குகிறது: அந்தக் காலத்தில் வில்லன் நன்றாக நடித்தால் சனம் பயந்தது. இந்தக் காலத்தில் வில்லன் நன்றாக நடித்தால் சனம் செல்ஃபி கேட்கிறது.

இது நம் ஊர் வியாதி மட்டும் இல்லை. இங்கிலாந்தில் 1960-களில் பிபிசியில் ஒரு தொடர் வந்தது. ஆல்ஃப் கார்னெட் என்று ஒரு கிழடு. கறுப்பர்களைத் திட்டும், யூதர்களைத் திட்டும், பெண்டாட்டியை வாயாலேயே வறுத்தெடுக்கும், மகளோடும் மருமகனோடும் தினமும் மல்லுக்கட்டும். நடித்தவர் வாரன் மிட்செல், அந்த நாட்டின் பெரிய குணச்சித்திர நடிகர்களில் ஒருவர். அவரே யூதர், இடதுசாரி, கடவுள் நம்பிக்கை இல்லாதவர். கார்னெட் மாதிரி ஆட்களைக் கேலி செய்யத்தான் ஜானி ஸ்பைட் அந்தத் தொடரை எழுதினார். நடந்தது என்ன? பாதிப் பேர் கேலியைப் புரிந்துகொண்டு சிரித்தார்கள். மீதிப் பேர், 'நம்ம மனசுல உள்ளத டிவியிலயே சொல்லிட்டான்யா' என்று கைதட்டினார்கள். குடியேறி வந்தவர்களை நீங்கள் வாங்கு வாங்கென்று வாங்கியது பிரமாதம் என்று ஒரு ரசிகர் வந்து பாராட்ட, நாங்கள் கிண்டல் செய்தது உங்களை மாதிரி முட்டாள்களைத்தான் என்று மிட்செல் திருப்பிக் கொடுத்தாராம். 2015-ல் இறக்கும் வரைக்கும் அவர் எத்தனையோ மேடை நாடகம் போட்டார், ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனாகக்கூட நடித்தார். ஜனத்துக்கு அவர் ஆல்ஃப் கார்னெட்தான்.

மாரிமுத்துவின் கதையும் ஏறக்குறைய அதே தடம். பேட்டிகளில் அவர் பேசியதைக் கேட்டவர்களுக்குத் தெரியும். மூடநம்பிக்கைக்கு எதிராகப் பேசுவார், புத்தகங்களைப் பற்றிப் பேசுவார், ஆணும் பெண்ணும் சமம் என்று பேசுவார். 2023-ல் ஜீ தமிழின் 'தமிழா தமிழா' நிகழ்ச்சியில் ஜோதிடர்களோடு அவர் கட்டிப் புரண்டது பெரிய சத்தமானது. அங்கே உட்கார்ந்திருந்தது குணசேகரன் இல்லை. ஆனால் குரல் குணசேகரன் குரல். அந்த அதட்டலை வைத்துக்கொண்டே ஜாதகத்தை அதட்டினார். எனக்கு அது ஒரு வேடிக்கையான ஆனந்தம். ஊரை மிரட்டுவதற்கென்று ஆம்பளைகள் பழகி வைத்திருக்கும் ஒரு தொனி, ஒரு தடவையாவது உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டதே என்று.

(அவர் இறந்த பிறகு, ஜோதிடத்தைப் பழித்ததால்தான் இப்படி ஆனது என்று சிலர் சமூக வலைதளங்களில் எழுதினார்கள். அவர்களைப் பற்றி எழுத எனக்கு இஷ்டம் இல்லை.)

குணசேகரனைப் பார்த்துக் கைதட்டியவர்களில் ஆல்ஃப் கார்னெட் வகை ரசிகர்களும் உண்டு. டீக்கடையில் நானே கேட்டிருக்கிறேன். 'பொம்பளைகள இப்படி வச்சாத்தான் குடும்பம் நிக்கும்' என்று அவர்கள் குணசேகரனைச் சாட்சிக்கு இழுப்பார்கள். அதற்குத் தொடரை எடுத்தவர்களுக்கும் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம். ஒரு ஆளைத் தினமும் அரை மணி நேரம் ஹாலின் நடுவில் உட்கார வைத்து, அவன் வாயில் மட்டும் ருசியான வசனங்களாகப் போட்டு, பெண்களுக்குக் கண்ணீரையும் நீளமான நியாயத்தையும் கொடுத்தால், சனம் ருசியின் பக்கம்தான் சாயும். திருச்செல்வத்தின் நோக்கத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை; அடுப்படியிலிருந்து அந்தப் பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வருவதுதான் அவர் சொல்ல வந்த கதை. ஆனால் மாரிமுத்து அந்தக் கதையை விட உயரமாக வளர்ந்துவிட்டார்.

பெண்கள் சிரித்தது மட்டும் வேறு சிரிப்பு. இதை எனக்குச் சொன்னது எங்கள் அத்தை, அப்பாவின் அக்கா. நன்றாகப் படித்தவர். கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் படிப்பு என்ன ஆனது என்று யாரும் கேட்டதில்லை. மாமா காலமான பிறகு எங்களோடுதான் இருக்கிறார். ஒன்பதரை ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். குணசேகரன் அதட்ட அதட்ட அவருக்குச் சிரிப்பு தாங்காது. ஒரு நாள் நான் கொஞ்சம் எரிச்சலோடு, "இதுல சிரிக்க என்னத்த இருக்கு?" என்று கேட்டேன்.

"ஏப்பா, அந்தாளு பேசுறது உங்க மாமா பேசுற மாதிரியேதான் இருக்கு. அதே இழுவை, அதே ஏய். ஆனா இவரு பேசயில நான் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயி தோசை ஊத்திட்டு வரலாம்ல? உங்க மாமா பேசயில நின்ன எடத்த விட்டு நகர முடியுமா?"

ரிமோட் அத்தையின் மடியில்தான் இருந்தது. சத்தத்தைக் குறைப்பார், கூட்டுவார். சில நாள் குணசேகரன் வாய் மட்டும் அசையும், குரல் வராது. நாற்பது வருடம் ஒரு குரலுக்கு எழுந்து நின்றவருக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று எனக்கு முழுசாக விளங்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு வேண்டிய அளவு அசலாக மாரிமுத்து நடித்திருந்தார் என்பது விளங்கியது. கொஞ்சம் போலியாக இருந்திருந்தாலும் அத்தைக்கு அது மாமாவாக இருந்திருக்காது. வெறும் சீரியல் வில்லனின் வாயை அடைப்பதில் என்ன சுகம்?

இதனால்தான் அவர் தன் கொள்கையை அந்தப் பாத்திரத்துக்குள் எங்கேயும் ஒளித்து வைக்காதது பெரிய விஷயம் என்கிறேன். முற்போக்காகப் பேசுகிற நடிகர்கள் பிற்போக்கான பாத்திரத்தில் நடிக்கும்போது, 'நான் உண்மையில் இப்படி இல்லைங்க' என்று ஓரக்கண்ணால் நமக்கு ஒரு சைகை காட்டிவிடுவார்கள். கொஞ்சம் கூட்டி நடிப்பார்கள், கோமாளியாக்கிவிடுவார்கள். மாரிமுத்து அந்தச் சைகையைக் காட்டவே இல்லை. அவர் வளர்ந்த திண்ணைகளில், ஓட்டலில் டம்ளர் வைத்த மேஜைகளில், படப்பிடிப்புத் தளங்களில் இந்த ஆட்களை அவர் அவ்வளவு பக்கத்தில் பார்த்திருக்க வேண்டும். வெறுப்பு இல்லாமல், வக்காலத்தும் வாங்காமல், பார்த்ததைப் பார்த்தபடி செய்தார்.

2023 ஆகஸ்டில்தான் ரஜினியின் 'ஜெயிலர்' வந்திருந்தது. அதில் வில்லன் கூட்டத்தில் ஒருவராக வந்தபோது தியேட்டரில் விசில். சினிமாவில் பத்துப் பன்னிரண்டு வருடம் நடித்தும் கிடைக்காத விசிலை ஒன்றரை வருட டிவி வாங்கிக் கொடுத்திருந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, போய்விட்டார். பசுமலைத்தேரிக்குக் கொண்டுபோய்த் தகனம் செய்தார்கள். அடுத்த வருடம் ஜூலையில் வந்த 'இந்தியன் 2'-ல் அவர் இருந்தார். விவேக், நெடுமுடி வேணு, மனோபாலா என்று அந்தப் படத்தில் ஏற்கெனவே இறந்துபோனவர்கள் எத்தனை பேர்! படத்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம் என்று விட்டுவிடுகிறேன்.

தொடர் என்ன ஆகும் என்பதுதான் அந்த செப்டம்பரில் எங்கள் தெருவின் பேச்சு. நிறுத்திவிடுவார்கள் என்றார்கள் சிலர். குணசேகரனைக் கதையில் சாகடித்துவிடுவார்கள் என்றார்கள் சிலர். குணசேகரனைச் சில நாள் வீட்டை விட்டுக் காணாமல் போக வைத்து, பிறகு வேல ராமமூர்த்தியைக் கொண்டு வந்தார்கள். ஒரு விநோதத்தைக் கவனியுங்கள். அவரும் எழுத்தாளர், 'குற்றப் பரம்பரை' எழுதியவர். ராமநாதபுரம் பெருநாழிக்காரர், ராணுவத்திலும் தபால் துறையிலும் வேலை பார்த்தவர், முற்போக்கு எழுத்தாளர் சங்கத்து மேடைகளில் வளர்ந்தவர். சிவப்புப் புத்தகம் படித்த இன்னொரு ஆளைத் தேடிப் பிடித்துத்தான் அதே சோபாவில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. 2024 ஜூனில் தொடர் முடிந்து, அந்த டிசம்பரில் 'எதிர்நீச்சல் தொடர்கிறது' என்று மறுபடி ஆரம்பித்தபோதும் அவர்தான் குணசேகரன்.

வேல ராமமூர்த்தியின் முகத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. 'மதயானைக்கூட்டம்', 'கிடாரி' பார்த்தவர்களுக்கு அந்தக் கண் தெரியும். ஆனால் அது வேறு பயம். வானம் பார்த்த பூமியின் பயம்; அவர் முறைத்தால் அடுத்து கைதான் ஓங்கும் என்று தோன்றும். மாரிமுத்து கை ஓங்க வேண்டிய அவசியமே வராது, பேச்சிலேயே ஆளை உட்கார வைத்துவிடுவார். எங்கள் வீட்டில் இதைப் பற்றி விவாதமே நடந்தது. என் மனைவிக்குப் புதியவர்தான் பொருத்தம். குணசேகரனைப் பார்த்து ஒருத்தி எதற்குச் சிரிக்க வேண்டும், பயப்படத்தான் வேண்டும் என்பது அவள் கட்சி. அதில் நியாயம் இருக்கிறது. அத்தை இப்போதும் ஒன்பதரைக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் பார்க்கிறார்.

"இவரு நல்லாத்தேன் நடிக்கிறாரு," என்றார் போன வாரம். "ஆனா இவரப் பாத்துக்கிட்டே இருக்கணும்ப்பா. அவரு பேசுனா அடுப்படில இருந்தே கேட்டுக்கிட்டிருப்பேன்."